பன்னிரண்டு மாதச் சம்பளம். பதினான்கு மாத உழைப்பு!



தோட்டத்தில் வேலை எப்போது தொடங்குகிறது? இந்தச் சின்னக் கேள்வியை மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள். மூன்று விதமான பதில் வரும்.

தொழிலாளியைக் கேட்டால், "பிரட்டுக் களத்தில் வந்து நின்றது முதல்" என்பார். மண்டோரைக் கேட்டால், "நிரைக்குப் போய் முதல் மரத்தில் உளி வைத்தது முதல்" என்பார். நிர்வாகத்தைக் கேட்டாலோ, "எங்களிடம் மணிக் கணக்கு ஏது? பால் கணக்குத்தான் உண்டு" என்று பதில் வரும்.

இந்த மூன்று பதில்களுக்கும் இடையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில்தான் நமது நேரம் நாள்தோறும் கொட்டப்படுகிறது. அள்ளிக்கொண்டு போகிறவர்கள் வேறு யாரோ. இந்தப் பள்ளத்தை மூடவேண்டும் என்பதே நாம் இன்று எழுப்பும் கோரிக்கை.

ஐந்து நிமிஷமும் ஐம்பது நிமிஷமும்

சிரம்பானிலிருந்து கெமாஸ் வரை, போர்ட்டிக்சனிலிருந்து பகாவ் வரை, நெகிரி செம்பிலானில் ரப்பர்த் தோட்ட வாழ்க்கை அறிந்தவர்களுக்கு நாம் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. விடியுமுன் எழவேண்டும். அடுப்பு மூட்டிச் சோறு கட்டவேண்டும். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விடவேண்டும். பிறகு பிரட்டுக்கு ஓடவேண்டும். இதுவரை நம்முடைய நேரம். இதற்கு நாம் கூலி கேட்கவில்லை.

ஆனால் பிரட்டுக் களத்தில் கால் வைத்தபின் அது யாருடைய நேரம்? பெயர் கூப்பிடும்வரை நிற்கிறோம். யாருக்கு எந்த நிரை, வராதவன் மரத்தை யார் வெட்டுவது என்ற உத்தரவுக்காகக் காத்திருக்கிறோம். அங்கிருந்து வெட்டுக் காட்டுக்கு நடக்கிறோம், அல்லது லாரியில் ஏறுகிறோம். மரம் வெட்டி, பால் எடுத்து, சுமந்து வந்த பிறகும் விடுதலை இல்லை. பால் நிறுக்கும் கொட்டகையில் வரிசை. பாலின் கனத்தைச் சோதிக்கும்வரை நிற்கவேண்டும். நிறுத்து முடிந்ததும் வாளி கழுவவேண்டும், தோம்பு கழுவவேண்டும். ஒட்டுப்பால், கட்டிப்பால் என்று தரம் பிரித்துக் கொடுக்கவேண்டும். "நாளைக்கு மருந்து தடவ வேண்டும், சீக்கிரம் வா" என்ற உத்தரவைக் கேட்ட பிறகே வீடு.

இது வேலையல்ல, வெறும் வழக்கம் என்கிறார்கள். அப்படியானால் ஒரு கேள்வி. பிரட்டுக்கு ஐந்து நிமிஷம் பிந்தி வந்தவனுக்குப் பேர் போடாமல் திருப்பி அனுப்புவது எதனால்? அது அவனுடைய சொந்த நேரம் என்றால், பிந்தியதைக் கேட்க உங்களுக்கு என்ன அதிகாரம்? ஐந்து நிமிஷம் பிந்தினால் அது முதலாளியின் நேரம். ஐம்பது நிமிஷம் நின்றால் அது தொழிலாளியின் நேரம்! இந்த விசித்திர நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்?

பிந்தினால் தண்டனை உண்டு என்றாலே அது வேலை நேரம். இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டியதில்லை.

சட்டம் யார் பக்கம்?

நாம் சொல்வதை விட்டுவிடுங்கள். நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவு வேலை நேரத்துக்கு விளக்கம் கூறியிருக்கிறது. தொழிலாளி முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டு, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாமல் இருக்கும் நேரமே வேலை நேரம். அதுதான் அதன் பொருள். "மரம் வெட்டும் நேரம்" என்று அங்கே எழுதவில்லை. "பால் சுமக்கும் நேரம்" என்றும் எழுதவில்லை. ஏவலுக்கு உட்பட்ட நேரம்! பிரட்டில் நிற்கிறவன் கடைக்குப் போய்வர முடியுமா? பால் கொட்டகையில் வாளியோடு நிற்கிறவள் பிள்ளையைப் பார்த்துவிட்டு வர முடியுமா? முடியாது. எனவே அது வேலை நேரம். கேள்வி அங்கேயே தீர்ந்துபோகிறது.

அதே பிரிவு இன்னும் சில வரம்புகளை வகுத்திருக்கிறது. நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதற்குமுன் 48 ஆக இருந்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் குறைந்தது அரைமணி ஓய்வு தரவேண்டும். நாளின் வேலை, இடைவேளையையும் சேர்த்து, 10 மணி நேர வட்டத்துக்குள் முடியவேண்டும். அந்த 10 மணி நேரம் தாண்டியபின் செய்யும் வேலை முழுவதும் ஓவர்டைம். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு கூலி.

இந்த 10 மணி நேர வட்டத்தைத் தோழர்கள் கூர்ந்து கவனிக்கவேண்டும். காலை 5.30-க்குப் பிரட்டு என்றால், பிற்பகல் 3.30-க்குப் பிறகு வாங்கும் வேலை எல்லாம் ஓவர்டைம். ஆனால் புத்தகத்தில் வேலை தொடங்கிய நேரம் 6.30 என்று இருந்துவிட்டால், அந்தக் கோடு 4.30-க்கு நகர்ந்துவிடும். காலையில் ஒளித்த ஒரு மணி, மாலையில் இன்னொரு மணியையும் கூட இழுத்துக்கொண்டு போகிறது. பிரட்டு நேரத்தைப் பதியாமல் விடுவதால் யாருக்கு லாபம் என்பது இப்போது விளங்குகிறதா?

ஒரு கணக்கு

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. மரம் வெட்டுகிறவன் கணக்கே பார்க்கக்கூடாது என்பது தோட்டத்து மொழி. நாம் பார்ப்போம்.

பிரட்டில் நிற்பதும் காட்டுக்கு நடப்பதும் அரைமணி என்று வைத்துக்கொள்வோம். பால் நிறுக்கக் காத்திருப்பது அரைமணி. கழுவித் துடைத்து ஒப்படைப்பது கால்மணி. ஆக நாளுக்கு 75 நிமிஷம். மாதத்துக்கு 26 நாள் என்றால் 1,950 நிமிஷம். அதாவது முப்பத்திரண்டரை மணி. வருஷத்துக்கு 390 மணி. வாரம் 45 மணியை ஆறு நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு ஏழரை மணி. 390-ஐ ஏழரையால் வகுத்தால் 52 நாள். 52 நாள் என்பது இரண்டு மாத வேலை!

பன்னிரண்டு மாதம் சம்பளம் வாங்குகிறோம். பதினான்கு மாதம் உழைக்கிறோம். இரண்டு மாதத்தை யாரிடம் கொடுத்தோம்?

பணத்தில் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது; மணிக்கு 8 வெள்ளி 72 காசு. முப்பத்திரண்டரை மணிக்கு 283 வெள்ளி 40 காசு. ஏழரை மணி நேர வேலை நிறைந்து, அதற்கு வெளியே இந்த 75 நிமிஷமும் நிற்குமானால், ஒன்றரை மடங்கு வீதம் 425 வெள்ளி 10 காசு. பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை, பஸ் கட்டணம், மாதக் கடைக் கடன் எல்லாவற்றையும் நினைத்துப் பாருங்கள். இந்த 425 வெள்ளி சில்லறைக் காசா?

இது எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே கணக்கு என்று நாம் சொல்லவில்லை. எங்கோ 40 நிமிஷம் இருக்கலாம். எங்கோ 2 மணி இருக்கலாம். உங்கள் தோட்டத்து நிமிஷத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். கணக்குப் போடும் வழி இதுதான்.

அவர்களுடைய வாதங்கள்

"பால்வெட்டுத் தொழிலாளிக்கு எடைக்குத்தான் காசு, மணிக்கு அல்ல" என்பது முதல் வாதம். சட்டம் இதையும் எதிர்பார்த்திருக்கிறது. கூலி எந்த அடிப்படையில் நிர்ணயிக்கப்பட்டிருந்தாலும், வழக்கமான நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு என்றுதான் எழுதியிருக்கிறது. குறைந்தபட்சச் சம்பள ஆணையும் எடைக் கூலிக்காரரை வெளியே தள்ளவில்லை. எடைக்குக் கூலி என்பது கூலியைக் கணக்கிடும் முறை. மனிதனின் நேரத்தை விழுங்குவதற்கு அனுமதிச் சீட்டு அல்ல.

"வெட்டுக்காரர் மத்தியானமே வீட்டுக்குப் போய்விடுகிறார்; 8 மணி எங்கே ஆகிறது?" என்பது இரண்டாவது வாதம். இது கொஞ்சம் பலமான வாதம். ஆகவே நேராகவே பதில் சொல்வோம். பிரட்டு முதல் ஒப்படைப்பு வரை எண்ணுங்கள். வழக்கமான நேரத்துக்குள் முடிந்தால் ஓவர்டைம் கேட்கமாட்டோம். ஆனால் "உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இன்னும் ஐம்பது மரம் வெட்டு, மழைக் கவசம் கட்டு, மருந்து தடவு" என்று மேலும் மேலும் சுமத்துகிறார்களே, அப்போது எந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சுமத்துகிறார்கள்? பிரட்டு நேரம் புத்தகத்தில் இருந்தால் அந்தச் சுமை ஏறாது. ஏறினால் காசு ஏறும். பால் வடியும் இடைவேளையிலும் இதே நியாயம்தான். மர நிழலில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டால் அது ஓய்வு. "சும்மா இருக்காதே, மங்கு துடை" என்றால் அது வேலை.

"காலங்காலமாக இதுதான் வழக்கம்" என்பது மூன்றாவது. சைக்கிளில் போகிற தொழிலாளி துரையைக் கண்டால் இறங்கி நிற்கவேண்டும் என்பதுகூட ஒரு காலத்தில் வழக்கமாகத்தான் இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், ஆர். எச். நாதன் போன்றோர் தலைமையில் எழுந்து நின்று, அந்த வழக்கத்தை எதிர்த்தார்கள். நாளுக்கு 10 மணி, 12 மணி வேலை வாங்குவதை ஒழிக்கவேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர்கள் பலியாயின. நாதன் நாடு கடத்தப்பட்டார். சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் இன்று எங்கே? வழக்கம் என்பது மலையல்ல. மனிதன் போட்ட மூட்டை. மனிதனே இறக்கி வைக்கலாம்.

"ரப்பர் விலை சரியில்லை" என்பது கடைசி வாதம். கொரியப் போர் மூண்ட 1950, 1951-ஆம் ஆண்டுகளில் ரப்பர் விலை விண்ணைத் தொட்டது. 2011-லும் உச்சிக்குப் போனது. அந்த நல்ல காலத்தில் எந்தப் பிரட்டுக் களத்தில் நின்ற நிமிஷத்துக்குக் காசு எண்ணி வைத்தார்கள்? விலை இறங்கினால் நஷ்டத்தில் பங்கு. ஏறினால் லாபத்தில் பங்கில்லை. இது கூட்டு வியாபாரமா, கொள்ளை வியாபாரமா?

மழை நாள் பிரட்டு

மழை நாளைத் தனியே சொல்லவேண்டும். வானம் இருட்டியிருக்கிறது, மரம் நனைந்திருக்கிறது. ஆனாலும் பிரட்டுக்கு வரத்தான் வேண்டும். வந்து நிற்கிறோம். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் கழித்து, "இன்றைக்கு வெட்டு இல்லை, வீட்டுக்குப் போ" என்கிறார்கள். அன்றைக்குப் பேரும் இல்லை, காசும் இல்லை.

வேலைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவைத் தோழர்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கில் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்கவேண்டியது முதலாளியின் கடமை. கொடுக்க முடியாமற் போனால், வேலை செய்யத் தொழிலாளி தயாராக இருந்த நாட்களுக்கு, வேலை செய்ததுபோலவே சம்பளம் கொடுக்கவேண்டும். தயாராக இருந்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? பிரட்டில் நின்றானே, அதுதான் அத்தாட்சி! மழை நாளில் பிரட்டுக்கு வந்தவர்களின் பெயரைப் பதியாமல் விட்டால், மாதக் கடைசியில் அந்த 24 நாள் உரிமையே மழையோடு கரைந்து போகிறது. ஆகவே மழை நாளில் பேனாவுக்கு ஓய்வு கூடாது.

கிராணிமார்களுக்கும் இதே கதை

தோட்ட ஆபீசில் இருக்கும் நமக்கும் இந்தக் கோரிக்கை சொந்தக் கோரிக்கைதான். பிரட்டுக்கு முன்னே ஆபீஸ் விளக்கு எரியவேண்டும். மாதக் கடைசியில் செக்ரோலைக் கூட்டிச் சரிபார்க்க இரவு எத்தனை மணியானாலும் உட்காரவேண்டும். சம்பள நாளுக்கு முந்திய இரவுகளை வீட்டிலுள்ளவர்கள் அறிவார்கள். "மாதச் சம்பளக்காரருக்கு ஓவர்டைம் ஏது?" என்பது நமக்குச் சொல்லப்படும் பாட்டு. மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரருக்கு ஓவர்டைம் உரிமை சட்டத்தில் இருக்கிறது; மாதச் சம்பளம் என்பதால் அது மறைந்துவிடாது.

உளி பிடிப்பவனுக்கும் பேனா பிடிப்பவனுக்கும் நடுவே சுவர் எழுப்பி வைத்தது பழைய துரைமார் தந்திரம். நேரத்தைத் திருடுகிறவன் இருவரிடமும்தான் திருடுகிறான். செக்ரோலில் பேர் போடக் கட்டம் இருக்கிறது. பால் எடைக்குக் கட்டம் இருக்கிறது. பிடித்தத்துக்கும் கட்டம் இருக்கிறது. பிரட்டு மணிக்கும் விடுதலை மணிக்கும் மட்டும் கட்டம் காணோம். அந்த இரண்டு கட்டங்களைப் போட வைப்பதில் இரு சங்கத்தாரும் ஒரே குரலில் பேசவேண்டும்.

உலகம் கற்பிக்கும் பாடம்

காத்திருக்கும் நேரத்துக்குக் காசு கேட்பது நாம் கண்டுபிடித்த புதுமையல்ல. 1930-இலேயே அனைத்துலகத் தொழில் ஸ்தாபனம், வாணிபத்திலும் ஆபீசுகளிலும் பணிபுரிவோருக்கான உடன்படிக்கையில், முதலாளியின் ஏவலுக்கு உட்பட்ட நேரமே வேலை நேரம் என்று வகுத்தது. இந்தியாவில் 1951-இல் இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒரு நாள் வேலை 12 மணி நேர வட்டத்துக்குள் அடங்கவேண்டும் என்றது. வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் அந்த வட்டத்துக்குள் சேர்த்தே எண்ணச் சொன்னது.

அமெரிக்காவில் நடந்தது நமக்கு எச்சரிக்கை. மிச்சிகன் மாநிலத்தில் ஒரு மண்பாண்ட ஆலைத் தொழிலாளர், ஆலைக்குள் நுழைந்து தம் இடத்துக்கு நடக்கும் நேரத்துக்கும் ஆயத்த வேலைக்கும் கூலி கேட்டு வழக்காடினார்கள். 1946-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு வருஷமே, 1947-இல், முதலாளிமாரின் கூக்குரலுக்குச் செவிசாய்த்து அந்நாட்டுக் காங்கிரஸ் புதுச் சட்டம் கொண்டுவந்து அந்த வெற்றியைப் பெரும்பாலும் பறித்துவிட்டது. பாட்டரி ஆலையில் நச்சுப் பொருளைக் கையாண்டவர்கள் உடை மாற்றவும் குளிக்கவும் ஆகும் நேரத்துக்குக் கூலி உண்டு என்று 1956-இல் ஒரு நல்ல தீர்ப்பு வந்தது உண்மை. ஆனால் 2014-இல், அமேசான் கிடங்குகளில் வேலை முடிந்தபின் திருட்டுச் சோதனைக்காக வரிசையில் நின்ற நேரத்துக்குக் கூலி இல்லை என்று அதே நீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமுகமாகச் சொல்லிவிட்டார்கள். பால் கொட்டகை வரிசைக்கும் அந்தக் கிடங்கு வரிசைக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் ஒன்று. 1947-ஆம் வருஷத்து அந்தச் சட்டமும் ஒப்பந்தத்தில் எழுதிவைத்த கூலியைத் தொடவில்லை. பாடம் தெளிவு. சட்டத்தை மட்டும் நம்பியிருந்தால் ஒரு தீர்ப்பில் போய்விடும். ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால் நிற்கும். நமது சட்டம் நமக்கு ஆதரவாக இருக்கும்போதே அதை ஒப்பந்தத்தில் ஏற்றிவிடவேண்டும்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: செக்ரோலில் பிரட்டு மணி, விடுதலை மணி என்று இரண்டு கட்டங்கள் வேண்டும். தொழிலாளி கேட்டால் காட்டவேண்டும். பதிவேடுகளை 6 வருஷம் பாதுகாக்கவேண்டும் என்று சட்டம் கூறுகிறது. எழுதாத மணியை எப்படிப் பாதுகாப்பது?

இரண்டு: பிரட்டு முதல் ஒப்படைப்பு வரை வேலை நேரம் என்பது தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கும் மாப்பா முதலாளிமார் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், சந்தேகத்துக்கு இடமில்லாத வாசகத்தில் இருக்கவேண்டும்.

மூன்று: மழை நாளில் பிரட்டுக்கு வந்தவர் பெயர் தவறாமல் பதியப்படவேண்டும்.

நான்கு: வாளி கழுவுதல், மருந்து தடவுதல், மழைக் கவசம் கட்டுதல் ஆகியவை இலவச ஊழியமல்ல; வேலை நேரத்துக்குள் அடங்கவேண்டும், அல்லது தனிக் கூலி வேண்டும்.

இவற்றுக்காகத் தோழர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, பிரட்டுக்கு வந்த மணி, பால் நிறுத்த மணி, வீட்டுக்கு விட்ட மணி ஆகியவற்றை நாள்தோறும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரட்டும். பக்கத்து நிரையில் வெட்டும் இந்தோனேசியத் தோழனும் வங்காளதேசத்துத் தோழனும் அதே பிரட்டில்தான் நிற்கிறார்கள். அவர்களையும் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் நேரம் மலிவானால் நம்முடைய நேரமும் மலிவாகும். மூன்று மாதக் கணக்கு சேர்ந்ததும் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். நிர்வாகம் பேச மறுத்தால், தொழில் இலாகா இருக்கிறது. சம்பளத் தகராறை விசாரித்து உத்தரவிட 69-ஆம் பிரிவு அதற்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆனால் வெறுங்கையோடு போகிறவனின் வழக்கு காற்றில் போகும். கணக்கோடு போகிறவனைத் தள்ளிவிட முடியாது.

பல சங்கங்களாகச் சிதறிக் கிடந்த தோட்டத் தொழிலாளர் 1954-இல் ஒரே சங்கமாக ஒன்றுபட்டார்கள். அந்த ஒற்றுமைக்குப் பாடுபட்ட பி. பி. நாராயணன் தொழிற்சங்கப் பணியில் வளர்ந்தது இந்த நெகிரி செம்பிலான் மண்ணில்தான். அந்த மண்ணில் இன்று பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன. பல வீடமைப்பு மனைகளாகிவிட்டன. மரம் மாறலாம், வேலை மாறலாம். செம்பனைத் தோட்டத்திலும் பிரட்டு உண்டு. தொழிற்சாலை வாசலிலும் வரிசை உண்டு. காத்திருக்கும் நேரம் காசில்லாத நேரம் என்ற அநியாயம் நாம் போகுமிடமெல்லாம் நமக்கு முன்னே போய் நிற்கும். இங்கேயே அதன் கழுத்தைப் பிடித்தால்தான் அங்கே நம் பிள்ளைகள் தப்புவார்கள்.

நாம் கேட்பது சலுகையல்ல. கொடுத்துவிட்ட உழைப்புக்கு வரவேண்டிய பாக்கி. பதினான்கு மாத உழைப்புக்குப் பதினான்கு மாதச் சம்பளம் கொடுங்கள். இல்லையேல் பன்னிரண்டு மாதத்தோடு எங்களை விடுங்கள்.

பிரட்டு மணி அடிக்கும்போதே கூலி மணியும் அடிக்கட்டும்!